பழக்கத்தை வென்ற குயவனார்



திருவிழாவின் இரண்டாம் நாளாகிய இன்று திருநீலகண்டக் குயவ நாயனாரின் வரலாற்றைச் சிந்திக்க இருக்கின்றோம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் திருத்தொண்டத் தொகையை அருளிச் செய்தபோது தில்லைவாழ் அந்தணரை முதற்கண் வைத்தார்கள். அவர்கள் ஒருவரல்லர், ஒரு திருக்கூட்டத்தார். தனியடியாராக எண்ணப்புகின் முதலில் வைக்கப்பெற்றவர், மண்ணைப் பிசைந்து சக்கரத்தில் இட்டு அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுத்த இக்குயவனாரே. அவரோ பிழையொன்றும் அறியாத பிறவி ஞானியல்லர். தவறியவர், தவறிய பின் எழுந்து நின்றவர். இந்த வரிசையைத் தற்செயல் என்று யாம் கொள்வதில்லை. அடியார் வரலாறு கேட்க வருகின்ற நம்மைப்போன்றோர், முதல் நாளே மலைத்துத் திரும்பிவிடலாகாது என்று கருதியே சுவாமிகள் நமக்கு மிக அருகில் நிற்கும் ஒருவரை வாயிலில் நிறுத்தினார்கள் போலும்.

சந்நிதியில் அரைநாழிகைப் பொழுது நின்றால், கோயிலுக்கு வருகின்றவர்கள் எதை வேண்டி வருகின்றார்கள் என்பது தெரிந்துவிடும். பிள்ளை தேர்வில் தேற வேண்டும். கடை நன்றாக நடக்க வேண்டும். வேலையில் உயர்வு வேண்டும். வழக்கு நம் பக்கம் முடிய வேண்டும். இவ்வாறு கேட்பதே தவறு என்று கூறும் பெரியோர் சிலர் உண்டு. யாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லேம். தந்தையிடம் பிள்ளை பம்பரமும் கேட்கும், பணமும் கேட்கும். வேறு யாரிடம் போய்க் கேட்கும்? ஆனால் அருச்சனைத் தட்டுடன் திரும்பிச் செல்கின்றவர் தம் வீட்டில், தம் கடையில், தம் உள்ளத்தில் எதைக் காத்து வைத்திருக்கிறார் என்பதும் பார்க்கத் தக்கது. சனிக்கிழமைதோறும் தவறாமல் எள் தீபம் ஏற்றுகின்ற ஒருவர் கடையை ஒன்பதரை மணிக்கு முன் திறப்பதில்லை. எட்டு மணிக்குச் சரக்கு வாங்க வருகின்றவர் பூட்டைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குச் செல்கின்றார். பழியோ சனி பகவானுக்கு! ஏழரை ஆண்டு முடிந்த பின்னும் அந்தக் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கப் போகிறது. பிள்ளை தேற வேண்டும் என்று நெய் விளக்கு இடுகின்ற வீட்டில் நள்ளிரவு வரை தந்தை கையிலும் கைப்பேசி, பிள்ளை கையிலும் கைப்பேசி. பக்கத்து மனையார் வீடு கட்டினால் நமக்கு இரவு உறக்கம் வருவதில்லை. அந்த உறக்கமின்மையோடு மறுநாள் நம் தொழிலைப் பார்க்கச் செல்கின்றோம். அது எப்படி உருப்படும்?

இவையெல்லாம் கேடு தருபவை என்று அறியாதவர் யார்? சிறு குழந்தையும் அறியும். ஆகவே இங்கே குறைவு அறிவில் அன்று. அறிந்தும் அதனையே நாடிச் செல்வதுதான் பழக்கத்தின் வலி. கி.பி. 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் ஒன்பதாம் சூத்திரப் பகுதியில் இதற்கு ஓர் உவமை வைத்தார்கள்: வேம்பு தின்ற புழு. வேப்பிலையிலேயே பிறந்து, அதனையே தின்று வளர்ந்த புழுவை எடுத்துக் கரும்பின்மேல் விட்டாலும், அதன் நாட்டம் தான் தின்ற கசப்பை நோக்கியே திரும்பும். கரும்பு இனிப்பு என்று அதற்கு எடுத்துரைத்துப் பயனில்லை. இனிப்பை அது நாவினால் சுவைத்த பின்னும் கசப்பைத் தேடும். உயிரும் அவ்வாறே தான் பழகியதை நோக்கிப் பழகியதையே பற்றி நிற்கும் என்பது ஆசிரியர் கருத்து. பெருங்காயம் வைத்திருந்த செப்பைக் கழுவிக் கவிழ்த்த பின்னும் மணம் நிற்பதை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். அதனை வாசனாமலம் என்று நூலோர் கூறுவர்.

இனி நாயனாருடைய வரலாற்றுக்கு வருவோம். தில்லையில் வேட்கோவர் குலத்தில் தோன்றியவர். சிவபெருமான் நஞ்சுண்டு அதனைக் கண்டத்தில் நிறுத்திய கருணையை நினைந்து நினைந்து, திருநீலகண்டம் என்னும் திருப்பெயரை எப்பொழுதும் ஓதிக்கொண்டிருப்பார். அடியார்க்குத் திருவோடு கொடுப்பதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. இத்தகையவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சிற்றின்பத்தின் பக்கம் எளிதில் சாய்ந்துவிடுவார். ஒரு நாள் பரத்தை ஒருத்தியின் மனைக்குச் சென்று மீண்டார். பக்தியும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது! இரண்டும் ஒரே உள்ளத்தில் ஒன்றையொன்று தொடாமல் குடியிருக்கின்றன. இதனைச் சேக்கிழார் பெருமான் மறைக்கவில்லை. பூசி மெழுகவும் இல்லை. சோழ நாட்டு அமைச்சராக இருந்து நாட்டு மக்களின் இயல்பைக் கண்டறிந்த கண் அவருடையது. திருநீறு பூசிய நெற்றியோடு கடைக்கணக்கில் பொய் எழுதுவாரும், தேவாரம் ஓதிய வாயால் மருமகளை வைவாரும் அந்நாளில் இல்லாமலா இருந்திருப்பர்?

மனைவியார் அறிந்தார். வீட்டுப் பணிகளில் ஒன்றையும் நிறுத்தவில்லை. கணவருக்குச் செய்வனவற்றையும் குறைக்கவில்லை. ஆனால் உடன் உறைவதற்கு மட்டும் இசையவில்லை. நாயனார் இரந்து மொழிகள் கூறி அணுகினார். அப்போது அம்மையார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, எம்மைத் தொடலாகாது என்று தடுத்தார். ஒரே ஒரு சொற்றொடர். நாயனார் அப்படியே பின்வாங்கினார். பின்வாங்கியதோடு நிற்கவில்லை. 'என்னை' என்று ஒருமையாற் கூறாமல் 'எம்மை' என்று பன்மையாற் கூறியதனால், இனி எந்தப் பெண்ணையும் உள்ளத்தாலும் தீண்டுவதில்லை என்று அக்கணமே உறுதி கொண்டார்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்றுத் தங்க வேண்டும். நம்மவர் ஒருவராயின் என்ன செய்திருப்பார்? இலக்கணம் அறிந்தவர் இருவரை அழைத்து வந்து, 'எம்மை' என்பது பெருமைபற்றி வந்த பன்மை, ஒருவரைத்தான் குறிக்கும், ஆகையால் ஆணை இவ்வளவுக்குத்தான் செல்லும் என்று தீர்ப்பு வாங்கியிருப்பார். நாம் ஆணையைக் குறைத்துப் பொருள் கொள்வதில் வல்லவர்கள். புகையிலையை விட்டேன் என்பார். பொடி புகையிலையாகுமா என்று கேட்பார். கோபத்தை விட்டேன் என்பார். வீட்டாரிடம் காட்டுவது கோபத்தில் சேராது என்பார். நாயனாரோ தமக்கு எதிராக விரித்துப் பொருள் கொண்டார். மனைவியார் கேட்டது ஒரு முழம். அவர் கொடுத்தது ஒரு பாகம்.

எதனால் இது இயன்றது? அந்தப் பழக்கத்தின் தீமையை யாரேனும் அவருக்கு விரிவுரையாகச் சொன்னார்களா? இல்லை. தாம் உயிரினும் மேலாகப் போற்றிவந்த ஒரு பெயர், தம் பழக்கத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. இரண்டில் ஒன்றைக் கொள்ள வேண்டிய நிலை வந்தது. அதுவரை தனித்தனியாகக் குடியிருந்த பக்தியும் பழக்கமும் அன்றுதான் ஒன்றன் முகத்தை ஒன்று பார்த்தன. பெரியது சிறியதைத் தள்ளியது. ஒரு பற்றை வெறுப்பினால் விடுவது மிகக் கடினம். அதனினும் பெரிய பற்று ஒன்றனால் விடுவது இயலும். திருவள்ளுவரும் துறவு என்னும் அதிகாரத்தை இக்கருத்தில்தான் முடிக்கின்றார். ஆகவே, என்னால் இதை விட முடியவில்லையே என்று வருந்துகின்றவர்களைப் பார்த்து யாம் கேட்பது இதுதான்: உமக்கு அதனினும் அருமையானது எது? பிள்ளையா, பெற்ற தாயின் சொல்லா, இறைவன் திருப்பெயரா? அதை எடுத்து அந்தப் பழக்கத்தின் முன் நிறுத்தினீரா?

இங்கே ஓர் இடைச்செருகல். அறுபத்துமூவருள் மூர்க்க நாயனார் என்று ஒருவர் உளர். திருவேற்காட்டில் தோன்றிச் சூதாடிப் பொருளீட்டி அடியார்க்கு அமுது அளித்தவர். பண்டிகை நாளில் சீட்டாட உட்காருவோர் சிலர் அவரைத் துணைக்கு அழைப்பதுண்டு. சூதினால் வந்த பொருளைத் தம் கையாலும் தீண்டாமல் அமுது ஆக்குவாரிடம் சேர்ப்பித்து, அடியார் எல்லாரும் உண்ட பின் கடைப்பந்தியில் உண்டவர் அவர். அந்தப் பகுதியையும் பின்பற்றுவதாயின் அழைக்கட்டும், பிறகு பேசுவோம்.

ஆணை எடுத்த பிறகு அவ்விருவரும் எவ்வாறு வாழ்ந்தார்கள்? ஒரே வீட்டில், ஒருவரையொருவர் தீண்டாமல், இது அயலார் அறியாதபடி வாழ்ந்தார்கள். ஒரு நாள், ஒரு திங்கள் அன்று, இளமை முழுவதும். கண்ணெதிரே காரணம் நிற்க, அதனோடு ஒரு கூரையின்கீழ் இருந்து ஆணை காப்பது, காட்டுக்குச் சென்று தவம் செய்வதனினும் அரியது. மற்றொன்றும் நோக்கத்தக்கது. இருவருமே அதனை வெளியில் சொல்லவில்லை. நம்மவர் ஒருவர் மார்கழித் திங்களில் காப்பியை விட்டால் மூன்றாம் நாள் தெரு முழுதும் செய்தி பரவியிருக்கும். பாராட்டு வந்தவுடன் பாதி வேலை முடிந்தது போன்ற மயக்கம் உண்டாகும். நாலு பேர் மெச்சிய பிறகு விரதத்துக்கு அங்கே வேலையில்லை. பத்தாம் நாள் காப்பி திரும்பி வரும்.

ஆண்டுகள் பல சென்றன. இருவரும் கோலூன்றும் முதுமை எய்தினர். அப்பொழுது சிவபெருமான் சிவயோகியாராக வந்து, ஒரு திருவோட்டினைக் கொடுத்து, இது பொன்னினும் மணியினும் அரியது, யாம் கேட்கும்போது தருவாயாக என்று சொல்லிச் சென்றார். பின் தாமே அதனை மறையச் செய்து, வந்து கேட்டார். நாயனார் தேடினார், வைத்த இடத்தில் காணோம். வேறு நல்ல ஓடு தருகின்றேன் என்றார். நீ வைத்துக்கொண்டு மறைக்கின்றாய் என்று யோகியார் வெகுண்டார். திருடவில்லையெனில் உன் மகன் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கு என்றார். மகன் இல்லை என்றார் நாயனார். அப்படியாயின் மனைவியின் கையைப் பற்றி மூழ்கு என்றார் யோகியார்.

வந்த சோதனையின் கூர்மையைப் பாருங்கள். ஓடு செய்து கொடுப்பதே வாழ்வாகக் கொண்டவர்மேல் ஓடு திருடியவர் என்ற பழி. வாழ்நாளின் கடைசியில் பெயர் கெடுகிறது. கையைப் பற்றி ஒரு முழுக்குப் போட்டால் பழி நீங்கும். அந்தக் கை வேற்றவர் கையும் அன்று. தம் மனைவியார் கை. தீண்டச் சொல்பவர் சிவயோகியார். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் அவைக்குச் சென்றபோது அவ்வவையும் அவ்வாறே செய்க என்றது. ஆசை தூண்டவில்லை, நியாயமும், சபையும், பெரியவரும் சேர்ந்து தூண்டுகின்றார்கள். பழைய பழக்கம் நம்மிடம் மீண்டும் வரும்போது பழைய உடையில் வருவதில்லை. நல்ல காரணம் ஒன்றை உடுத்துக்கொண்டுதான் வரும். குடியை விட்டவரிடம் அது திருமண வீட்டில் மைத்துனர் வடிவில் வரும்; "இன்று ஒரு நாள் மட்டும், என் மனம் வருந்தக் கூடாது" என்னும். கடன் வாங்கும் பழக்கத்தை விட்டவரிடம் மகளின் சீர்வரிசையாக வரும். அந்த ஒரு நாளுக்கு வாயில் திறந்தால் மறுநாள் பூட்ட முடிவதில்லை.

நாயனார் ஆணையை விடவில்லை; அவையையும் மறுக்கவில்லை. திருப்புலீச்சரத்துத் திருக்குளத்துக்கு மனைவியாருடன் வந்தார். ஒரு மூங்கிற் கோலின் ஒரு முனையைத் தாம் பற்றி, மறுமுனையை மனைவியாரைப் பற்றச் செய்து மூழ்கப் புகுந்தார். இரு கடமைக்கும் நடுவே ஒரு வழி கண்டார். உறுதி உடையவர்களைப் பிடிவாதக்காரர் என்று நாம் சொல்வதுண்டு. பிடிவாதம் வழி தேடாது. உறுதி மூங்கிற் கோலையாவது தேடி எடுக்கும். யோகியார் அதற்கும் இசையவில்லை. கையையே பற்ற வேண்டும் என்றார். அப்போதுதான் நாயனார், ஊரார் அனைவரும் கேட்க, தம் இளமையில் நிகழ்ந்ததை முதலிலிருந்து எடுத்துச் சொன்னார். அத்தனை ஆண்டு மறைந்திருந்த தம் நோன்பையும், அந்நோன்புக்குக் காரணமான தம் இழுக்கையும் ஒருசேரச் சொன்னார். இழுக்கை விடுத்து நோன்பை மட்டும் சொல்லியிருந்தால் பெருமை மிகும், சொல்லியவை உண்மையாகா. சொல்லிய பின் இருவரும் மூழ்கினர். எழுந்தபோது முதுமை நீங்கி இளமையோடு எழுந்தனர்.

சிதம்பரத்தில் ஆடவல்லான் திருக்கோயிலுக்கு மேற்கே அந்தத் தலம் இன்றும் உள்ளது. இளமையாக்கினார் கோயில் என்று மக்கள் வழங்குவர். தில்லைக்குச் செல்கின்றவர்கள் பலர் கூத்தப்பெருமானை வழிபட்டவுடன் வண்டியேறிவிடுகின்றார்கள். அந்தக் குளக்கரைக்கும் சென்று சற்று அமர்ந்து வருவது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் யாம் இவ்வரலாற்றைச் சொல்லி முடித்தபோது ஓர் அம்மையார் அருகில் வந்தார். "ஐயா, தவறு செய்தவர் அவர். இளமையை இழந்தது அந்த அம்மாவுந்தானே? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கேட்டார். கற்பின் பெருமையைச் சொல்லி அமைதி கூறுவது வழக்கம். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த விடை எம் நாவில் எழவில்லை. அவர் கேட்டது தில்லைக் குயவனார் மனைவியாரைப் பற்றி மட்டும் அன்று என்பது தெரிந்தது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆம், அம்மையாரும் இழந்தார். குடும்பத்தில் ஒருவருடைய பழக்கத்துக்கு வீடு முழுவதும் அபராதம் செலுத்துகிறது. சனிக்கிழமைக் கூலி மதுக்கடையில் இறங்குமாயின் திங்கட்கிழமை பள்ளியில் தலைகுனிந்து நிற்பது பிள்ளை. என் பழக்கம், என் பணம், என் உடம்பு என்று சொல்கின்றவர் எண்ணிப் பார்க்கட்டும். ஆயினும் அவ்வம்மையாருக்கு யாம் அன்று கூறிய வேறு இரண்டு செய்திகளையும் இங்கே கூறுவோம். பெரியபுராணத்து அம்மையார் எல்லாவற்றுக்கும் இணங்கிப் போனவர் அல்லர். எல்லை ஒன்று வகுத்து, இதற்குமேல் வரலாகாது என்று சொன்னவர். இவ்வரலாற்றைக் காட்டி, அடித்தாலும் பொறுத்துக்கொள் என்று பெண்மக்களுக்கு உபதேசம் செய்வாராயின் அவர் இதனைப் படிக்காதவர். மற்றொன்று: இறைவன் நாயனாரைத் தனியே மூழ்கச் சொல்லவில்லை. அம்மையாரையும் கரைக்கு அழைத்து வரச் செய்தான். இழப்பு இருவருக்கும் ஆயிற்று; ஆதலின் இளமையும் இருவருக்கும் திரும்பிற்று. ஒருவர் திருந்தினார் என்பதற்கு அடையாளம், அவரால் வருந்தியவர் முகத்திலும் தெளிவு வருவதுதான். அதுவரை, திருந்திவிட்டேன் என்று அவர் தாமே சொல்லிக்கொள்வதை வீட்டார் நம்ப வேண்டுவதில்லை. அம்மையார் ஒன்றும் கூறாமல் திருநீறு பெற்றுக்கொண்டு சென்றார்.

விடையின்மேல் உமையம்மையுடன் காட்சி தந்த இறைவன், புலன்களை வென்றவர்கள் என்று அவ்விருவரையும் குறித்து, இந்த இளமையோடு நம்பால் இருப்பீராக என்று அருள் செய்தான். வென்றவர்! அரசர் படையெடுத்து வென்றதைக் கல்லில் வெட்டினார்கள். ஒரு குயவனார் தம் வீட்டுக்குள் ஒருவரும் அறியாமல் வென்றதை இறைவன் வாயால் சொன்னான்.

இனி நம் நிலைக்கு ஒரு சொல். நாயனாருக்கு ஒரு கணத்தில் ஆயிற்று. நமக்கு ஆகுமா என்று ஐயுறுவோர் பலர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், அதாவது இறுதிச் சூத்திரம், மலத்தைக் கழுவுவதைச் சொல்லி, உடனே அடியாரோடு கூடுவதைச் சொல்கிறது. கழுவிய பாண்டத்தைத் தெருவில் வைத்தால் மறுபடி அழுக்குப்படியும் அல்லவா? படிகம் தன்னைச் சார்ந்த நிறத்தைக் காட்டும். உயிரும் சார்ந்ததன் வண்ணம் ஆகும். ஆகவே விட வேண்டியதை விட்டு வெறுங்கையோடு நின்றால் கால் தானே பழைய தேநீர்க்கடை வாசலுக்குப் போகும். மாலை ஆறு மணிக்குச் சென்ற கால்களை மாலை ஆறு மணிக்கே வேறிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இக்கோயிலில் திருமுறை வகுப்பு நடைபெறுகிறது; உழவாரப்பணிக்கு ஆள் போதவில்லை என்று நேற்றும் சொன்னார்கள். பிரகாரத்தில் புல் நிறைய இருக்கிறது.

ஆணை எடுக்க விரும்புகின்றவர் பெரியதாக எடுக்க வேண்டா. கடையை எட்டு மணிக்குத் திறப்பதும் ஓர் ஆணைதான். எழுந்தவுடன் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பதும் ஆணைதான். தமக்கு மிக அருமையானதன்மேல் எடுத்து, சந்நிதியில் ஒரு முறை சொல்லி, வேறு ஒருவருக்கும் சொல்லாமல் செல்க. எவ்வளவுக்கு எடுத்தோம் என்ற ஐயம் பின்னர் எழுந்தால், நாயனாரைப் போல விரித்துப் பொருள் கொள்க.

அர்த்தசாம பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். திருத்தொண்டத் தொகை வரிசையில் அடுத்து நிற்பவர் இயற்பகை நாயனார். நாளை மாலை இதே நேரத்தில் அவர் வரலாற்றைத் தொடங்குவோம்.

திருச்சிற்றம்பலம்.